சிவப்புத் தீனி

மூன்றாவது தடவையும் கட்டி கரையவில்லை.

சின்னத் திரையில் எலியின் ஈரல் கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு உருண்டை. மருந்து குடித்த எலிக்கும் பட்டாணி, மருந்து கலக்காத வெறும் எண்ணெய் குடித்த எலிக்கும் பட்டாணி. நான் எலியின் மூக்கில் மயக்க மருந்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி, முடி வழித்த அதன் வயிற்றில் ஸ்கேன் குச்சியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்தினால் கட்டி பயந்து ஓடிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"போதும் தங்கச்சி, வயித்துல ஓட்டை விழுந்துடப் போகுது."

"விழட்டும். உள்ள போய் நேராவே கேட்டுடறேன், உனக்கு என்னடா வேணும்னு."

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, விலங்கறையின் வாசலில் தலைக்கு எப்படித் தொப்பி மாட்டுவது என்று தெரியாமல் நின்றவளுக்கு நான் மாட்டிவிட்டேன். "தேங்க்ஸ்ண்ணே" என்றாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிக்காரி. நான் எலிக்குத் தீனி போடுகிறவன். கூண்டு மாற்றுவது, தண்ணீர்ப் பாட்டில் நிரப்புவது, தினமும் காலையில் எடை போட்டு அட்டையில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. மொத்தம் அறுநூறு எலி. ஊரில் இருக்கும் என் மனைவி இந்த உத்தியோகத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'எலி ஆயா'.

அன்றைக்கு இருபது எலியையும் ஸ்கேன் செய்து முடித்தபோது மதியம் ஆகியிருந்தது. தங்கச்சி கையுறையை உருவிக் குப்பையில் எறிந்தாள். ஒன்று உள்ளே விழுந்தது, ஒன்று விளிம்பில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுகூட ஒழுங்கா விழ மாட்டேங்குது" என்றாள்.

அவளுக்கு இருந்தது பதினோரு நாள். மாதக் கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழு கூடும். அவள் வேலையை நீட்டிப்பதா, மேசையைக் காலி செய்யச் சொல்வதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். போன தடவை நீட்டித்ததே முதல் தொகுதி எலிகளைப் பார்த்துத்தான். மருந்து குடித்த பத்து எலியில் எட்டுக்குக் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. "அதே மாதிரி இன்னொரு தடவை காட்டு, போதும்" என்று குழு சொல்லியிருந்தது. இன்னொரு தடவை காட்டினாள், வரவில்லை. அதற்கடுத்தும் காட்டினாள், அதுவும் வரவில்லை.

அந்த முதல் தொகுதி வந்த நாளை நான் மறக்க முடியாது. அவளுடைய பெரிய அதிகாரியை நாங்கள் 'தாடி' என்போம். யோசிக்கும்போது தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார், அதனால். தாடி அன்றைக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்து, எலி நாற்றம் அடிக்கும் என்னையே கட்டிப் பிடித்தார். நான் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். மனைவி அவள் தம்பியிடம் சொன்னாள். மச்சான் குடியிருப்பு முழுக்க, எங்க மாமா ஈரல் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சுட்டார் என்று பரப்பிவிட்டான். பள்ளிக்கூடத்திலும் என் பெண்ணிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். "எங்கப்பா கண்டுபிடிக்கல, எங்கப்பா எலியப் பிடிச்சுக்கிட்டார்" என்று திருத்தினாளாம். பிள்ளைக்காவது புத்தி இருக்கிறது.

இரண்டாவது தொகுதி கவிழ்ந்தபோது தங்கச்சி எண்ணெயை மாற்றினாள். மருந்து அனுப்பிய கம்பெனிக்காரனிடம் போனில் கத்தி, புது பாட்டில் வரவழைத்தாள். எலியின் தொண்டைக்குள் விடும் வளைந்த ஊசியை மாற்றினாள். ஜன்னல் பக்கம் இருந்த கூண்டு அடுக்கை உள் சுவர் பக்கம் நகர்த்தச் சொன்னாள். விளக்கு எரியும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். மூன்றாவதும் கவிழ்ந்த பிறகு மாற்றுவதற்கு அவளைத் தவிர எதுவும் பாக்கியில்லை.

"என் கைதான் சரியில்லண்ணே" என்றாள்.

"கைக்கு என்ன? நீ ஊசி விடற மாதிரி இங்க யாரும் விட மாட்டாங்க. எலி கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறக்குது உனக்கு."

"அப்போ தலை சரியில்ல."

கூண்டு கழுவும் யந்திரம் இருக்கும் நடைக்கு வந்தோம். அது ஓடினால் பேசுவது பாதி காதில் விழாது. அதனாலேயே அங்கே உட்கார்ந்து திட்டலாம், அழலாம். கவிழ்த்து வைத்த ஒரு வாளியில் அவள் உட்கார்ந்தாள். நான் தீனி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நாலு வருஷமா எனக்கு எலி பிடிச்சுக் குடுக்கறீங்க. நான் என்ன பண்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஈரல்ல கட்டி வந்த எலிக்கு மருந்து குடுக்கறே."

"அந்த மருந்து என்ன பண்ணும்?"

"கரைக்கும். கரைச்சாத்தானே சொல்லணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே போயும் விட்டது. பிறகு, யாரிடமாவது முதலிலிருந்து சொல்லிப் பார்த்தால் தப்பு எங்கே என்று தெரியுமோ என்று நினைத்தாளோ, கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"செல் தானா வளராது. வெளியிலேர்ந்து 'வளரு'ன்னு ஒரு சேதி வரணும். வாசல்ல ஒருத்தன் நின்னு அதை வாங்குவான். அவன் உள்ள இருக்கறவன் காதுல சொல்லுவான், அவன் அடுத்தவன் காதுல. அஞ்சாறு பேர் தாண்டி நடுவுல இருக்கற ஆபீசுக்குப் போய்ச் சேரும். அங்க கையெழுத்தானாத்தான் செல் வளரும். இந்த எலிங்களுக்கு வாசல்காரனுக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சு. சேதியே வராம 'வளரு, வளரு'ன்னு கத்திக்கிட்டே இருக்கான். அதான் கட்டி. என் மருந்து மூணாவது ஆளோட வாயைப் பொத்தும். சேதி அங்கயே நின்னுடும்."

"சரி, மூணாமவன் வாயைப் பொத்திட்டே. நாலாமவனுக்கு வேற யாராவது சுத்தி வந்து சொல்லிட்டா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதையேதான் குழுவுல ஒருத்தர் கேட்டார். அவருக்கு நாற்பது வருஷ சர்வீசு."

"இங்க ஆபீசுலயும் இப்படித்தான், ஒருத்தரை அடைச்சா இன்னொருத்தர் வழியா வதந்தி வரும்" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் அடுத்ததைக் கேட்டேன். "வாசல்காரனுக்கு எப்படிப் பைத்தியம் பிடிச்சுது?"

"நாங்கதான் பிடிக்க வெச்சோம். இந்த எலிங்க ஈரல்ல ஒரு சுவிட்சோடதான் பிறக்குதுங்க. குட்டியிலயே அது எரிஞ்சா செத்துடும். அதனால ஆறு வாரம் அணைச்சே வெச்சிருப்போம். நீங்க சிவப்புத் தீனி போடறீங்க இல்ல?"

"ஆமா."

"அதுல ஒரு மருந்து கலந்திருக்கு. அது வயித்துக்குள்ள போற வரைக்கும் சுவிட்ச் அணைஞ்சே இருக்கும். பழுப்புத் தீனிக்கு மாத்தினதும் எரிய ஆரம்பிச்சுடும். அப்புறம் கட்டி."

நான் உட்கார்ந்திருந்த மூட்டையைக் குனிந்து பார்த்தேன்.

"கட்டி வந்தப்புறம் மறுபடி சிவப்புத் தீனி போட்டா?"

"கரைஞ்சுடும். ரெண்டு மூணு வாரத்துல இருந்த இடம் தெரியாது. ஆனா அது வைத்தியம் இல்லண்ணே. மனுஷன் ஈரல்ல நாம சுவிட்சா வெச்சிருக்கோம், அணைக்க?"

கழுவும் யந்திரம் நின்றது. நடை சட்டென்று அமைதியானது. "தண்ணி மாத்தணும்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

முதல் தொகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாளே அந்தப் பத்து எலியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. மருந்து வயிற்றைப் புரட்டியிருக்க வேண்டும். முடி சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, கூண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இருபத்தாறு கிராம் இருந்தது இருபத்துமூன்று ஆனது, இருபத்திரண்டு ஆனது. ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் அந்த எலியை வைத்திருக்கக் கூடாது, வாயு டப்பாவில் போட்டு முடித்துவிட வேண்டும் என்பது சட்டம். போடுகிறவன் நான்தான். எலி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "தீனியை ஊற வெச்சு, தரையில கிண்ணத்துல வைங்க. எட்டி எடுக்கத் தெம்பில்ல அதுகளுக்கு" என்றார். பழுப்புத் தீனியை ஊற வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

மதிய இடைவேளையில் போனில் மனைவியிடம் புலம்பினேன்.

"ஏங்க, நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா நாம என்ன குடுப்போம்? புதுசா எதையாவது குடுப்போமா? நாக்குக்குப் பழகினதத்தானே குடுப்போம்" என்றாள். "குட்டியில எதைத் தின்னு வளந்துதுங்களோ அதைப் போடுங்க. வந்து திங்கும் பாருங்க. இது தெரியாம இத்தனை வருஷமா என்ன ஆயா வேலை பாக்கறீங்க?"

குட்டியில் தின்று வளர்ந்தது சிவப்பு. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னதெல்லாம், சிவப்பு குட்டிக்கு, பழுப்பு பெரிசுக்கு என்பதுதான். மூட்டையில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். குட்டி அறையிலிருந்து கூண்டுக்கு ஒரு பிடி அள்ளி வந்து, ஊற வைத்து, காலை ஏழு மணிக்கு வைத்தேன். பத்தும் எழுந்து வந்து தின்றன. தங்கச்சி பதினோரு மணிக்கு மருந்து கொடுக்க வருவதற்குள் கிண்ணத்தை நக்கித் துடைத்திருக்கும், நான் கிண்ணத்தைக் கழுவி வைத்திருப்பேன். இப்படியே மூன்று வாரம். கூண்டு அட்டையில் மருந்துக்குக் கட்டம் இருக்கிறது, எடைக்குக் கட்டம் இருக்கிறது, தீனிக்குக் கட்டம் கிடையாது. எண்ணெய் குடித்த எலிகள் நன்றாகவே சாப்பிட்டன. அவற்றுக்கு நான் எதுவும் வைக்கவில்லை.

அடுத்த தொகுதிக்குள் எலி டாக்டர் ஏதோ ஒரு ஜெல்லி வரவழைத்துவிட்டார். நோஞ்சான்களுக்கு அதை வைத்தால் போதும், தின்றுவிடும். சிவப்புத் தீனி தேவைப்படவில்லை.

ஆக, அந்த எட்டு எலிக்குக் கட்டியைக் கரைத்தது அவள் மருந்து இல்லை. நான்.

மறுநாள் நான் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்த இருபது வருடத்தில் நான் செய்த வேலையை ஒருவர் கட்டிப் பிடித்துப் பாராட்டியது அந்த ஒரு நாள்தான்.

நாலாம் நாள் ராத்திரி மனைவியிடம் சொன்னேன். வீடியோவில் அவள் முகம் மாறியது.

"நான் சொன்னேன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் முதலில்.

"உன்னை யாரு கேக்கப் போறா?"

"இல்ல, சொல்லி வெக்கறேன். நான் நம்ம பொண்ணு காய்ச்சலைப் பத்தித்தான் பேசினேன்." கையிலிருந்த தையலை ஓரமாக வைத்தாள். "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"நாலாவது தடவை ஆரம்பிக்கப் போகுது. மருந்தை ரெண்டு மடங்காக்கி."

"பாவி மனுஷா! வராதுன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

"சொன்னா என் வேலை..."

"வேலை போனா வாங்க. இங்க பூனை இருக்கு, அதுக்கு ஆயா வேலை பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபத்திலும் நக்கல் குறையாது அவளுக்கு.

மறுநாள் காலை தங்கச்சி புது இருபது எலிக்குக் காதில் அடையாள ஓட்டை போடச் சாமானோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மிச்சம் இருக்கும் ஆறு நாளில் எதுவும் தெரியாது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும், குழுவிடம் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல ஏதாவது வேண்டுமாம்.

"முதல் கூண்டை எடுங்கண்ணே."

"எடுக்கல."

"ஏன், கை வலியா?"

"தங்கச்சி, முதல் தொகுதியில நான் அதுங்களுக்கு சிவப்புத் தீனி போட்டேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. "குட்டியா இருந்தப்பவா?"

"மருந்து குடிச்சப்போ. சாப்பிடாம கிடந்துதுங்க, எடை இறங்கிக்கிட்டே போச்சு. ஊற வெச்சுப் போட்டேன். மருந்துக் கூண்டுக்கு மட்டும். மூணு வாரம்."

ஓட்டை போடும் இடுக்கி அவள் கையில் அப்படியே இருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எத்தனாம் நாள்லேர்ந்து?"

"நாலாம் நாள்லேர்ந்து."

"எவ்வளவு?"

"கூண்டுக்கு ஒரு பிடி."

"ஒரு பிடின்னா எத்தனை கிராம்?"

"தெரியாது. என் கைக்கு ஒரு பிடி."

"அட்டையில ஏன் எழுதல?"

"கட்டம் இல்ல."

"கட்டம் இல்லயா!" அப்போதுதான் கத்தினாள். "கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதக் கூடாதா? என்கிட்ட வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? ஒரு வருஷம்! எண்ணெயை மாத்தினேன், ஊசியை மாத்தினேன், அந்தக் கம்பெனிக்காரனைத் திருடன்னு சொன்னேன். நாற்பது எலியைக் கொன்னுருக்கேன். என் கையையே வெட்டிப் போடலாமான்னு இருந்துச்சு. நீங்க பக்கத்துலயே நின்னு குழாயைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க!"

"எனக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் தெரியும்."

"அஞ்சு நாளா தெரியுமா?"

அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ஆனால் எனக்கும் கோபம் வந்தது. வெட்கத்தில் வருகிற கோபம்தான், இருந்தாலும் கோபம்.

"நாலு வருஷமா அந்தச் சிவப்பை நான் அள்ளிப் போடறேன். அதுல மருந்து இருக்குன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? நீ சொன்னியா, தாடி சொன்னாரா? தீனிக்காரனுக்கு எதுக்குன்னு விட்டுட்டீங்க. சாகக் கிடந்தா ஊட்டத்தான் செய்வேன். அதுக்குத்தானே என்னை வெச்சிருக்கீங்க!"

அவள் இடுக்கியை மேசைமேல் வைத்தாள். வெளியே போய்விட்டாள். காதுக்கு ஓட்டை விழாத இருபது எலியும் நானும் நின்றோம்.

மதியம் தாடி கூப்பிட்டார். மூன்றாம் மாடியில் அவர் அறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. தங்கச்சி ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. தாடி என்னை உட்காரச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தாடியை இழுத்து இழுத்து முகவாய் சிவந்திருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் சம்சாரத்துகிட்ட."

"அவங்க என்ன பண்றாங்க?"

"தையல் சார்."

"சரி. அவங்களோட நிக்கட்டும்." அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "நீ இப்ப அவசரப்படாதே. முதல் தொகுதி அப்படியே இருக்கட்டும். மத்த ரெண்டுலயும் ஏதோ காரணத்தால வரலன்னு எழுதுவோம். ஆராய்ச்சின்னா வராம போறது சகஜம். நான் நாலு கூட்டத்துல அந்த ஸ்கேன் படத்தைக் காட்டியிருக்கேன்."

"படம் தப்பு சார்."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். ஒரு தையல்காரம்மாவுக்குத் தெரியும்." அவள் ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தாள். "நாளைக்கு எவனாவது இதை நம்பி நோயாளிக்குக் குடுத்தா? அவனுக்குச் சிவப்புத் தீனி யாரு போடுவா?"

அவர் கை மறுபடி தாடிக்குப் போனது. அவள் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க. நாள், நேரம், அந்த ஒரு பிடி, எல்லாம். கீழ போய் எழுதிட்டு வாங்க."

அந்தப் பேச்சில் 'அண்ணே' இல்லை என்பதைப் படி இறங்கும்போதுதான் கவனித்தேன்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பிடி என்றால் எவ்வளவு என்று அவளுக்கு வேண்டுமே என்று, பத்து தடவை அள்ளி அள்ளித் தராசில் வைத்துச் சராசரி போட்டு அதையும் எழுதினேன். நாற்பத்தொரு கிராம். அதை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

இரண்டு நாள் அவள் கீழே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பழைய எடை அட்டைகள் எல்லாம் வேண்டும் என்றாள். கொடுத்தேன். விலங்கறை வாசலில் நின்றபடியே புரட்டினாள். போகாமல் நின்றதால் நானும் நின்றேன்.

"ரெண்டாவது தொகுதி, மூணாவது தொகுதி ஸ்கேனையெல்லாம் மறுபடி அளந்தேன். ரெண்டுலயும் மருந்துக் கூண்டுல கட்டி கால் பங்கு சின்னது" என்றாள், அட்டையிடம் சொல்வது போல.

"அன்னிக்குப் பாத்தப்போ எல்லாம் ஒரே பட்டாணியாத்தானே தெரிஞ்சுது?"

"எட்டு எலிக்குச் சுத்தமா கரைஞ்சதைப் பாத்த கண்ணு. கால் பங்கு எப்படித் தெரியும்? அதையே தேடிக்கிட்டு இருந்தேன்." பல்லைக் கடித்தாள். "ரெண்டு தடவையும் முதல் பத்து நாள் கட்டி வளரவே இல்ல. அப்படியே நிக்குது. பத்து நாளைக்கப்புறம் மறுபடி வளருது. ரெண்டு தடவையும் அதே கணக்கு. தாளை விரிச்சு வெச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் தோத்துட்டோம்னு மூடி வெச்சுட்டேன்."

"அப்போ மருந்து வேலை செய்யுது."

"பத்து நாள் செய்யுது. அப்புறம் ஏதோ ஒண்ணு சுத்தி வந்து நாலாமவன் காதுல சொல்லிடுது."

அதை வைத்துக்கொண்டுதான் அவள் குழுவுக்குப் போனாள். முதல் தொகுதிக் கணக்கைத் தானே கிழித்துப் போட்டாள். நான் எழுதிக் கொடுத்த தாளையும் மேசைமேல் வைத்தாளாம். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என்னையும் ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்திருந்தார்கள், கூப்பிடவே இல்லை. பிறகு ஒருவர் வந்து, உங்கள் மேல் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும், போகலாம் என்றார். சிவப்பு மூட்டையில் என்ன இருக்கிறது என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். அது இன்றைய விஷயம் இல்லை என்றார்.

தங்கச்சி வெளியே வந்தபோது நான் அங்கேயே இருந்தேன்.

"என்னாச்சு?"

"ரெண்டு மாசம். அதுக்கு மேல இல்ல. கால் பங்கெல்லாம் ஒரு பெரிய விஷயம் இல்லயாம். எடுத்ததை எழுதி முடிச்சுட்டுக் கிளம்பணும்."

"நான் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்திருந்தாலும் இதேதான். நாலாவதும் வந்திருக்காது. என்ன, இன்னும் இருபது எலி செத்திருக்கும்." அவள் என்னைத் தாண்டி நடந்தாள். பிறகு நின்றாள், திரும்பவில்லை. "மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. எனக்கு இன்னும் உங்க மூஞ்சியைப் பாத்தா பத்திக்கிட்டு வருது."

"வரட்டும்."

"காதுக்கு ஓட்டை போடாத அந்த இருபதும் இருக்கா?"

"இருக்கு. பழுப்புத் தீனிதான்."

நாலாவது தொகுதியை அவள் ஆரம்பித்தது இப்படித்தான். மருந்தின் அளவு பழையதே, இரட்டிப்பு இல்லை. அட்டையின் ஓரத்தில் நானே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தீனிக்கு ஒரு கட்டம் வரைந்தேன். ஜெல்லி வைத்தால் எத்தனை ஸ்பூன் என்று எழுதினேன். ஒரு நாள் ஒரு எலி என் கையைக் கடித்தது, அதையும் எழுதினேன். தங்கச்சி படித்துவிட்டு, "இது எதுக்கு?" என்றாள். "எது எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்ற வரைக்கும் எல்லாத்தையும் எழுதுவேன்" என்றேன். அட்டையைத் திரும்ப மாட்டினாள். பேச்சு எல்லாம் அந்த அளவில்தான் இருந்தது. மருந்து, எடை, ஊசி, கதவை மூடுங்க.

ஒன்பதாம் நாள் வரை கட்டி அப்படியே நின்றது. பத்தாம் நாள் காலை ஸ்கேன் மேசையைச் சூடேற்றி வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். அவள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முதல் எலியைப் பிடித்துக் கொடுத்தேன். மூக்கில் குழாயை வைத்தேன்.

"இன்னிக்கு என்ன தேடறோம்?"

"பாத்தா தெரியும்."

"சொல்லிட்டுப் பாரு."

அவள் குச்சியை வயிற்றில் வைக்காமல் நிறுத்தினாள். எரிச்சல் முகம் முழுக்க இருந்தது. ஆனாலும் சொன்னாள். "கட்டியோட ஓரத்தைப் பாருங்க. நேத்து வரைக்கும் வழவழன்னு இருந்துச்சு. மறுபடி வளர ஆரம்பிச்சா ஓரம் கரடுமுரடா ஆகும். இன்னிக்கோ நாளைக்கோ ஆகும். ஆனதும் அந்த எலியை எடுத்து, ஈரலை வெட்டிப் பாத்து, சுத்தி வந்து சொல்றவன் யாருன்னு பிடிக்கணும். அவன் யாருன்னு எழுதி வெச்சுட்டா, எனக்கப்புறம் வர்றவங்க ரெண்டு பேர் வாயையும் சேர்த்துப் பொத்துவாங்க."

"எனக்கப்புறம்னா, நீ பாக்க மாட்டியா?"

"மாட்டேன். ஆறேழு வாரம்தான் பாக்கி இருக்கு."

"வெட்டினதும் ஈரலை எங்க வெக்கணும்?"

"ஐஸ்ல."

"எவ்வளவு நேரத்துக்குள்ள?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள."

"ஒரு நிமிஷம் தாண்டினா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கற சேதியெல்லாம் அழிஞ்சுடும். எத்தனை கேள்விதான் கேப்பீங்க? எலி முழிச்சுக்கப் போகுது!"

"முழிக்காது, குழாய் என் கையில இருக்கு. ஐஸ் எந்த ஐஸ், சாதா ஐஸா, அந்தப் புகை வர்ற ஐஸா?"

"புகை வர்ற ஐஸ்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, குச்சியை எலியின் வயிற்றில் வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்தோம்.